சப்வூஃபர் பெட்டி எத்தனை லிட்டர் இருக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: கையில் ஒரு 12 அங்குல சப்வூஃபர் இருக்கிறது, அதற்குப் பெட்டி செய்ய வேண்டும். ஒருவர் 30 லிட்டர் போதும் என்கிறார். இன்னொருவர் 60 லிட்டருக்குக் குறைந்தால் பேஸே வராது என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் அவரவர் வூஃபரை வைத்துச் சொல்லியிருப்பார்கள், இரண்டு பேரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். 12 அங்குலம் என்பது வூஃபரின் சட்டத்து அளவு. பலகையில் எவ்வளவு பெரிய ஓட்டை போட வேண்டும் என்பதற்கு அது உதவும். உள்ளே எத்தனை லிட்டர் காற்று வேண்டும் என்பதற்கு உதவாது. சட்டை அளவைச் சொல்லிச் செருப்பு கேட்பது போலத்தான்.

பெட்டியின் அளவைத் தீர்மானிப்பவை மூன்று எண்கள். வூஃபரோடு வரும் தாளில் இவை தீல்-ஸ்மால் அளவுகள் என்ற தலைப்பில் இருக்கும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் எழுதிய கட்டுரையும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரித்து எழுதியவையும்தான் இதற்கு அடிப்படை. அதுவரை பெட்டி செய்வது பெரும்பாலும் செய்து பார், கேட்டுப் பார், மறுபடி அறு என்ற கதைதான்.

முதல் எண் எஃப்எஸ் (Fs). வூஃபரைப் பெட்டியில் போடாமல் வெறுமனே வைத்தால் அதன் கோன் (முன்னும் பின்னும் ஆடி ஒலி எழுப்பும் கூம்பு) இயல்பாக எந்த அதிர்வெண்ணில் ஆட விரும்புகிறதோ, அது. இரண்டாவது க்யூடிஎஸ் (Qts). அந்த ஆட்டத்தை வூஃபரின் காந்தமும் கோனைத் தாங்கும் தொங்கலும் சேர்ந்து எவ்வளவு அடக்குகின்றன என்பதன் அளவு. எண் சிறிதாக இருந்தால் காந்தத்தின் பிடி இறுக்கம், பெரிதாக இருந்தால் கோன் கொஞ்சம் தன்போக்கில் ஆடும். மூன்றாவது விஏஎஸ் (Vas). இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தாளில் 80 லிட்டர் என்று பார்த்ததும் பெட்டி 80 லிட்டர் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்படியில்லை. தொங்கல் என்பது கோனின் விளிம்பைத் தாங்கும் ரப்பர் வளையமும், அடியைத் தாங்கும் மடிப்புத் துணியான ஸ்பைடரும்; இரண்டும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கின்றன அல்லவா? அதே விறைப்பைக் கொடுக்க எவ்வளவு காற்றை அடைத்து வைக்க வேண்டும் என்பதே விஏஎஸ். தொங்கல் தளர்வாக இருந்தால் விஏஎஸ் பெரிதாக வரும், விறைப்பாக இருந்தால் சிறிதாக வரும். அவ்வளவுதான்.

இனி மூடிய பெட்டியைப் பார்ப்போம். எந்த ஓட்டையும் இல்லாமல் காற்றுப் புகாதபடி அடைத்த பெட்டி. உள்ளே அடைபட்ட காற்று இன்னொரு ஸ்பிரிங்காகச் சேர்ந்துகொள்கிறது. பெட்டி சிறிதானால் அந்த ஸ்பிரிங் விறைக்கும். அதனால் கோனின் இயல்பு அதிர்வெண்ணும் மேலே ஏறும், க்யூவும் ஏறும். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறுகின்றன, நமக்கு அது பெரிய வசதி. பெட்டிக்குள் போன பிறகு வரும் க்யூவை க்யூடிசி (Qtc) என்பார்கள். அதை எவ்வளவில் நிறுத்த வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால் கணக்கு ஒரே வரி:

பெட்டியின் கொள்ளளவு = விஏஎஸ் ÷ ((க்யூடிசி ÷ க்யூடிஎஸ்)² − 1)

ஒரு வூஃபரை எடுத்துக்கொள்வோம். எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 80 லிட்டர். க்யூடிசி 0.707 என்று வைத்தால் ஒலி எங்கும் மேடு தட்டாமல் சமமாக வந்து, பிறகு இறங்கும். 0.707 ÷ 0.45 = 1.571. அதன் வர்க்கம் 2.468. ஒன்றைக் கழித்தால் 1.468. 80-ஐ இதால் வகுத்தால் 54.5 லிட்டர். பெட்டிக்குள் இயல்பு அதிர்வெண் 28 × 1.571, அதாவது 44 ஹெர்ட்ஸ்.

இப்போது இன்னொரு 12 அங்குல வூஃபர். எஃப்எஸ் 32, க்யூடிஎஸ் 0.5, விஏஎஸ் 30 லிட்டர். காருக்கென்று செய்யப்படும் விறைப்பான வகை. அதே 0.707-க்குக் கணக்குப் போட்டால் 30 லிட்டர்தான் வருகிறது. இயல்பு அதிர்வெண் 45 ஹெர்ட்ஸ். இரண்டும் 12 அங்குலம், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஆழத்துக்கு இறங்குகின்றன, ஆனால் பெட்டி ஒன்றுக்கு மற்றது ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்களிடம் 30 என்றவரும் 60 என்றவரும் சண்டை போடத் தேவையே இல்லை.

அடுத்தது பலரும் நம்ப மறுக்கும் விஷயம். முதல் வூஃபரையே எடுத்து, பெட்டியை மட்டும் மாற்றிப் பார்த்தேன். ஒலி 3 டெசிபெல் குறையும் இடம் 100 லிட்டர் பெட்டியில் 45 ஹெர்ட்ஸ். 54.5 லிட்டரில் 44. 30 லிட்டரில் 45.6. இருபது லிட்டராகச் சுருக்கினால்தான் 49-க்குப் போகிறது. 100 லிட்டரிலிருந்து 30 லிட்டருக்கு வந்தும் அந்த எண் அசையவே இல்லை என்றே சொல்லலாம். வித்தியாசம் அதற்குக் கீழேதான் தெரியும். 20 ஹெர்ட்ஸில் 100 லிட்டர் பெட்டி 12 டெசிபெல் குறைந்து நிற்கிறது, 54.5 லிட்டர் 14, 30 லிட்டர் 17, 20 லிட்டர் 19. ஆகவே பெட்டி பெரிதானால் பேஸ் அதிகம் என்று பொதுவாகச் சொல்வதில் பாதிதான் உண்மை. தாளவாத்தியமும் பேஸ் கிட்டாரும் பெரும்பாலும் வாழும் 45 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில் சின்னப் பெட்டி சளைக்காது. படங்களில் வரும் வெடிச்சத்தம், பெரிய ஆர்கன் போன்றவற்றின் அடிமட்ட உறுமல் வேண்டும் என்றால்தான் லிட்டரைக் கூட்டுவதில் பொருள் இருக்கிறது.

லிட்டர் குறையும்போது மாறுவது ஒலியின் குணம். க்யூடிசி 0.5-க்குப் பக்கத்தில் இருந்தால் அடி விழுந்த உடனே கோன் அமைதியாகிவிடும். கேட்பதற்கு இறுக்கம், சிலருக்கு வறட்சி. 0.7 நடுநிலை. 1.0-க்குப் போனால் இயல்பு அதிர்வெண்ணுக்குச் சற்று மேலே 1.25 டெசிபெல் மேடு வரும். சிலருக்கு அந்தச் சூடு பிடிக்கும், தப்பே இல்லை. 1.2-ஐத் தாண்டினால் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுருதியில் தொம் தொம் என்று கேட்கும். என் விருப்பம் 0.6-க்கும் 0.8-க்கும் இடையில். அறையின் மூலையும் காரின் உட்புறமும் அடிமட்ட அதிர்வெண்களைத் தாமாகவே தூக்கிக் கொடுக்கும் என்பதால் பெட்டியிலேயே மேடு வைத்துக்கொள்வது எனக்கு வீண் வேலையாகத் தெரிகிறது. குறிப்பாகக் காரில், மூடிய பெட்டி விட்டுக்கொடுப்பதைக் காரின் அடைபட்ட இடம் பெருமளவு திருப்பிக் கொடுத்துவிடும்.

சின்னப் பெட்டிக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. உள்ளே இருக்கும் காற்று கோனைப் பிடித்து நிறுத்துவதால், அதே ஆம்ப்ளிஃபையர் சத்தத்தில் கோன் கட்டுமீறி வெளியே தள்ளாது. அதற்கு விலை மின்சக்தி: அடிமட்டத்தில் அதே ஒலி வேண்டும் என்றால் அதிக வாட் கொடுக்க வேண்டும். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறைந்த சத்தம் என்ற மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். கேஎல்ஹெச் ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் இதை இரும்பு விதி என்பார்கள். பெட்டியைப் பற்றி வரும் பெரும்பாலான சண்டைகள், மூன்றையும் ஒருசேரக் கேட்பதால் வருபவை.

போர்ட், அதாவது இருபுறமும் திறந்த குழாய், வைத்த பெட்டி வேறு கதை. அங்கே குழாயில் இருக்கும் காற்றுத் தக்கை ஒன்று பெட்டியின் காற்றோடு சேர்ந்து ஆடி, குறிப்பிட்ட அதிர்வெண்ணில் கோனுக்குப் பதிலாகத் தானே ஒலி எழுப்புகிறது. அந்த அதிர்வெண்ணுக்குத்தான் ட்யூனிங் என்று பெயர். உங்கள் வூஃபர் இதற்கு ஏற்றதா என்று பார்க்க ஒரு விரைவான சோதனை உண்டு. தாளில் க்யூஇஎஸ் (Qes) என்று ஓர் எண் இருக்கும், காந்தத்தின் பிடியை மட்டும் சொல்லும் எண் அது. எஃப்எஸ்-ஐ அதால் வகுங்கள். 50-க்குக் கீழே வந்தால் மூடிய பெட்டி, 100-க்குப் பக்கத்திலோ மேலோ வந்தால் போர்ட். நடுவில் வந்தால் உங்கள் இஷ்டம். இது சும்மா ஒரு கைக்கணக்கு, வேதவாக்கு இல்லை. ஆனால் க்யூடிஎஸ் 0.55, 0.6 என்று இருக்கும் வூஃபருக்குப் போர்ட் வைப்பவர்கள் அதன் பிறகு ஈக்வலைசரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

போர்ட் பெட்டிக்குக் கணினி இல்லாத காலத்திலிருந்தே கணிப்பானில் போடும் தோராயச் சூத்திரங்கள் உண்டு. கொள்ளளவு = 15 × விஏஎஸ் × (க்யூடிஎஸ்-இன் 2.87 அடுக்கு). ட்யூனிங் = 0.42 × எஃப்எஸ் × (க்யூடிஎஸ்-இன் −0.9 அடுக்கு). எஃப்எஸ் 30, க்யூடிஎஸ் 0.35, விஏஎஸ் 90 லிட்டர் என்ற வூஃபருக்குப் போட்டால் ஏறத்தாழ 66 லிட்டர், 32 ஹெர்ட்ஸ் என்று வருகிறது. 3 டெசிபெல் குறையும் இடம் 34 ஹெர்ட்ஸ் அளவில். மூடிய பெட்டியை விட நன்றாகவே கீழே போகிறது, ஆனால் ட்யூனிங்குக்குக் கீழே ஒலி இரண்டு மடங்கு செங்குத்தாகச் சரியும். அதைவிட முக்கியம், அங்கே கோனைப் பிடிக்க ஆளே இல்லை. குழாய் வழியே காற்று சும்மா வந்து போவதால் 20 ஹெர்ட்ஸ் சிக்னல் ஒன்று பலமாக வந்தால் கோன் கட்டறுந்த மாடு மாதிரி ஆடும். ஆம்ப்ளிஃபையரில் சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி) இருந்தால் ட்யூனிங்குக்குச் சற்றுக் கீழே வைத்துவிடுங்கள். இல்லையென்றால் போர்ட் பெட்டியில் வால்யூமைத் திருகும்போது யோசித்துத் திருகுங்கள்.

குழாயின் நீளத்துக்குச் சூத்திரம், எல்லாம் சென்டிமீட்டரிலும் லிட்டரிலும்:

நீளம் = (23,562 × விட்டம்²) ÷ (ட்யூனிங்² × கொள்ளளவு) − (0.73 × விட்டம்)

மேலே சொன்ன 66 லிட்டர், 32 ஹெர்ட்ஸுக்கு 10 செ.மீ. குழாய் வைத்தால் நீளம் 27.5 செ.மீ. 7.5 செ.மீ. விட்டம் என்றால் 14 செ.மீ. போதும். இதைப் பார்த்ததும் சின்னக் குழாய் வசதியாகத் தெரியும், வைக்காதீர்கள். குறுகிய வாயில் காற்று வேகமாகப் போய் புஸ் புஸ் என்று மூச்சு வாங்கும். வினாடிக்கு 17 மீட்டருக்குக் கீழே காற்றின் வேகத்தை வைத்துக்கொள்வது வழக்கம், வாய் விரிந்த குழாய் என்றால் இன்னும் கொஞ்சம் தாங்கும். சரி, அப்படியானால் 15 செ.மீ. வைக்கலாமே என்றால் நீளம் 67 செ.மீ. ஆகிவிடுகிறது. அந்தக் குழாயே 13 லிட்டர் இடத்தைத் தின்னும். சின்னப் பெட்டியைத் தாழ்ந்த ட்யூனிங்கில் வைக்க முயலும் எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒன்று குழாயை மடக்கிப் பெட்டியின் சுவரோடு பலகைக் கால்வாயாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் குழாய்க்குப் பதில் பாசிவ் ரேடியேட்டர் (காந்தமும் வயரும் இல்லாத வெறும் கோன்) போட வேண்டும். வூஃபரை உள்ளேயே இரண்டு அறைகளுக்கு நடுவில் வைக்கும் பேண்ட்பாஸ் பெட்டியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. முதல் பெட்டி செய்பவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இனி பலகை அறுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம். மேலே வந்த லிட்டர் எல்லாம் உள்ளே காற்றுக்கு மிச்சமிருக்கும் லிட்டர். வெளி அளவு அல்ல, வெறும் பெட்டியின் உள் அளவும் அல்ல. 40 செ.மீ. கனசதுரம் என்றால் 64 லிட்டர் என்று மனக்கணக்கில் வரும். 18 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் செய்தால் உள்ளே 36.4 செ.மீ.தான், அதாவது 48 லிட்டர். கால்வாசி பலகைக்கே போய்விட்டது. அதிலிருந்து வூஃபரின் காந்தமும் கூடையும் அடைக்கும் இடம் (12 அங்குலத்துக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர், தாளில் போட்டிருப்பார்கள்), உள்ளே குறுக்கே வைக்கும் தாங்குபலகை, போர்ட் குழாய் என்று எல்லாம் கழியும். குழாயின் வெளிவிட்டத்தை வைத்துக் கணக்கிட வேண்டும், ஏனென்றால் அதனுள் இருக்கும் காற்று பெட்டியின் காற்றாகச் சேராது.

ஆகவே பின்னாலிருந்து வாருங்கள். மூடிய பெட்டி 54.5 லிட்டர் வேண்டும். வூஃபர் 3 லிட்டர், தாங்குபலகை ஒன்றரை லிட்டர், ஆக 59 லிட்டர். கனசதுரம் என்றால் உள்ளே 39 செ.மீ., வெளியே 42.6 செ.மீ. கனசதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 4 மீட்டருக்கு மேல், அதற்கு உங்கள் பெட்டியின் வடிவம் கண்ணிலேயே படாது. தங்க விகிதம் அது இது என்று சப்வூஃபரில் மெனக்கெடத் தேவையில்லை. ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒல்லியாகச் செய்யாதவரை சரி. அப்படிச் செய்தால் 115 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ளேயே எதிரொலித்துத் தொல்லை கொடுக்கும்.

இந்த வெளி அளவுத் தவறை நானே செய்திருக்கிறேன், முதல் போர்ட் பெட்டியில். 64 லிட்டர், 32 ஹெர்ட்ஸ் என்று எண்ணிச் செய்தது 48 லிட்டராகி, ட்யூனிங் 37-க்கு ஏறி நின்றது. எல்லாப் பாட்டிலும் ஒரே ஸ்வரம் மட்டும் தூக்கலாகக் கேட்டது. பல வாரம் வூஃபரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இதே தவறை மூடிய பெட்டியில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 54.5-க்குப் பதில் 40 லிட்டர் கிடைத்திருக்கும், க்யூடிசி 0.707-க்குப் பதில் 0.78 ஆகியிருக்கும். காதுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது. மூடிய பெட்டி பத்து, பதினைந்து சதவீதப் பிழையைக் கண்டுகொள்ளாமல் மன்னித்துவிடும். போர்ட் பெட்டியில் கொள்ளளவு, குழாய், ட்யூனிங் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால் அந்த இரக்கம் கிடையாது. முதல் முறை செய்பவருக்கு மூடிய பெட்டியை நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

பெட்டி சற்றுச் சிறிதாகிவிட்டால் உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு போடலாம். காற்று அழுந்தும்போது உண்டாகும் வெப்பத்தைப் பஞ்சு வாங்கிக்கொள்வதால் காற்று ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்து, பெட்டி பெரிதானது போல நடந்துகொள்ளும். கோட்பாட்டின்படி உச்சம் 40 சதவீதம், நடைமுறையில் 10 முதல் 25 வரை எதிர்பார்க்கலாம். தளர்வாகப் போட வேண்டும், தலையணை மாதிரித் திணித்தால் இருக்கிற இடமும் போய்விடும். போர்ட் பெட்டியில் சுவரோரம் மட்டும் ஒட்டுங்கள், குழாயின் வாயைத் திறந்து விடுங்கள்.

ஒரே பெட்டியில் இரண்டு வூஃபர் என்றால் லிட்டரும் இரண்டு மடங்கு. மூடிய பெட்டியில் க்யூடிசியும் இயல்பு அதிர்வெண்ணும் மாறாது.

தாள் தொலைந்துவிட்டது, அல்லது பெயர் தெரியாத வூஃபர் என்றால் கையால் அளந்துவிடலாம். ஆம்ப்ளிஃபையருக்கும் வூஃபருக்கும் நடுவே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, கைபேசியிலிருந்து சைன் ஒலி (ஒரே அதிர்வெண் கொண்ட தூய ஒலி) கொடுத்து, அதன் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே வூஃபரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரில் ஏசி வோல்ட்டைப் பாருங்கள். வோல்ட் உச்சிக்குப் போகும் இடம் எஃப்எஸ். புது வூஃபரைச் சில மணி நேரம் ஓடவிட்டு அளப்பது நல்லது, தொங்கல் இளகிய பிறகு எண் கொஞ்சம் இறங்கும். பிறகு அதே வூஃபரை அளவு தெரிந்த, காற்றுக் கசியாத ஏதாவது ஒரு பெட்டியில் போட்டு மறுபடி உச்சியைப் பாருங்கள். வெறுமனே வைத்தபோது 28 ஹெர்ட்ஸும், 30 லிட்டர் பெட்டியில் 53.6 ஹெர்ட்ஸும் வந்தால் 53.6 ÷ 28 = 1.914. வர்க்கம் 3.66, ஒன்று கழித்தால் 2.66. 30 லிட்டரால் பெருக்கினால் 80 லிட்டர். அதுதான் விஏஎஸ். பழைய பெட்டி ஒன்று சும்மா கிடந்தால் போதும், எஃப்எஸ், விஏஎஸ் இரண்டும் கிடைத்துவிடும். க்யூடிஎஸ்-ஐ மட்டும் தனியாக அளக்க வேண்டும்.

செய்து முடித்த பெட்டியையும் இதே முறையில் சோதிக்கலாம். மூடிய பெட்டியில் ஓர் உச்சி வரும், நீங்கள் கணக்கிட்ட இடத்துக்கு ஓரிரண்டு ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருந்தால் வேலை முடிந்தது. தள்ளி இருந்தால் முதலில் கசிவைத் தேடுங்கள், வயர் வெளியே வரும் ஓட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். போர்ட் பெட்டியில் இரண்டு உச்சிகளும் நடுவே ஒரு பள்ளமும் வரும், பள்ளம்தான் ட்யூனிங். மீட்டர் இல்லாவிட்டாலும் கண்ணால் பிடிக்கலாம்: ட்யூனிங் அதிர்வெண்ணில் குழாயிலிருந்து காற்று நன்றாக வீசும், ஆனால் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். குழாயை முதலில் இரண்டு மூன்று செ.மீ. நீளமாக வெட்டிப் பசை போடாமல் செருகி வைத்து, கோன் நிற்கும் இடம் 32-க்கு ஏறும் வரை சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டு வாருங்கள். பசையை அதற்கப்புறம் போடலாம்.